கறுப்புக்குள் இருப்பதை வெளியே கொண்டுவருதல்: ஸ்கேன் செய்த பழைய படங்களில் நிழல் விவரம்

எங்கள் குடும்பத்தில் 1960-களின் தொடக்கத்தில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், உச்சி வெயிலில், ஓட்டு வீட்டின் வாசலில் தாத்தாவும் அவருடைய இரண்டு தம்பிகளும் வெள்ளை வேட்டியோடு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் திண்ணை, திண்ணைக்கு நடுவே திறந்த கதவு, கதவுக்கு உள்ளே ரேழி. அந்த ரேழி மை கொட்டியதுபோல ஒரே கறுப்பாக இருக்கும்; ஆல்பத்தைப் புரட்டியவர்கள் யாரும் அதை உற்றுப் பார்த்ததில்லை. அந்தப் படத்தை முறையாக ஸ்கேன் செய்து, இருண்ட பகுதியை மட்டும் பொறுமையாகத் திருத்தியபோது, முதலில் கதவின் பித்தளைக் குமிழ்கள் வரிசையாகத் தெரிந்தன. பிறகு ஆணியில் தொங்கும் அரிக்கேன் விளக்கு தெரிந்தது. அதற்குக் கீழே, கதவு நிலையை ஒட்டி, ஒரு புடவைக் கரையும் கதவைப் பிடித்திருக்கும் ஒரு கையும் தெரிந்தன. கையில் இருந்த வளையலைப் பார்த்த அத்தை, அது பாட்டியின் கைதான் என்று உறுதியாகச் சொன்னார்.

இதே படத்தை முன்பு ஒருமுறை ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கியிருந்தோம். அந்தக் கோப்பில் ரேழியின் இருட்டை எவ்வளவு வெளிச்சமாக்கினாலும் சாம்பல் பூசிய தகடு போன்ற ஒரு பரப்புதான் கிடைத்தது. காகிதப் பிரதி ஒன்றே. ஆனால் ஒரு ஸ்கேனில் பாட்டி இருக்கிறார், மற்றொன்றில் இல்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிட்டால், இருண்டு கிடக்கும் பழைய படங்களை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் புரிந்துவிடும். வீட்டில் ஒரு சாதாரண ஸ்கேனரும், கிம்ப் அல்லது ஃபோட்டோஷாப் போன்ற ஒரு மென்பொருளும் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படத்தின் இருண்ட பகுதிகள் அனைத்தையும் இந்தத் துறையில் நிழல் என்றே சொல்வார்கள். மரத்தடி நிழல் மட்டுமன்றி, கறுப்புக் கோட்டு, எண்ணெய் தேய்த்து வாரிய தலைமுடி, அரக்கு நிறப் பட்டுப்புடவையின் மடிப்புகள் எல்லாம் இதில் அடங்கும். கணினி ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. வழக்கமான 8 பிட் கோப்பில் 0 என்பது முழுக் கறுப்பு, 255 என்பது முழு வெள்ளை. இப்போது கோட்டின் ஒரு பொத்தான் 19 என்றும் அதைச் சுற்றியுள்ள துணி 14 என்றும் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் வேறாக இருப்பதால் பொத்தான் கோப்பில் இருக்கிறது. வேறுபாடு ஐந்தே எண்கள் என்பதால் கண்ணுக்குத்தான் அது எட்டவில்லை. பிரைட்னஸ் ஸ்லைடரை நகர்த்தி இரண்டிலும் 40-ஐக் கூட்டினால் 54, 59 என்று ஆகும். கோட்டு சாம்பல் நிறமாகிவிடும், பொத்தானோ பழையபடியே மங்கிக் கிடக்கும், ஏனென்றால் இடைவெளி இன்னும் ஐந்துதான். மாறாக, 14-ஐ 18-ஆகவும் 19-ஐ 33-ஆகவும் மாற்றினால் கோட்டு கறுப்பாகவே இருக்கும், பொத்தானும் தனித்துத் தெரியும். நிழலில் விவரம் என்று நாம் சொல்வது அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைத்தான். தொடக்கத்தில் இருப்பவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, இந்த வேறுபாட்டைப் பெருக்குவதற்குப் பதிலாக மொத்த வெளிச்சத்தைக் கூட்டுவதால் வருபவை.

அந்த வேறுபாடு படம் எடுத்த நொடியிலிருந்தே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டிக்கும் ரேழிக்குள் தொங்கும் விளக்குக்கும் இடையே வெளிச்சம் ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபடக்கூடும். ஃபிலிம் அவ்வளவையும் ஒரே சீராக வாங்கிக்கொள்வதில்லை. ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்டு என்ற இருவர் 1890-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து, ஃபிலிமில் விழும் ஒளிக்கும் அதில் படியும் கருமைக்கும் உள்ள தொடர்பை ஒரு வளைகோடாக வரைந்து காட்டுவது வழக்கமானது. அந்தக் கோட்டின் அடிப்பகுதி ஏறக்குறையத் தரையோடு படுத்திருக்கும். மிகக் குறைந்த ஒளி பட்ட இடங்கள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஓர் அளவுக்குக் கீழே உள்ள ஒளி ஃபிலிமில் பதிவதே இல்லை. அதனால்தான் ஏறத்தாழ 1940-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் உருவாக்கிய, காட்சியின் வெளிச்சத்தைப் படிகளாகப் பிரித்துப் பார்க்கும் மண்டல முறையில், நெகட்டிவ் ஃபிலிமுக்கான ஒளியளவை நிழலைப் பார்த்து முடிவு செய்யும்படி கற்பித்தார்கள்: ஃபிலிமில் பதியாத நிழலை அதன் பிறகு யாராலும் வரவழைக்க முடியாது.

ஃபிலிமிலிருந்து காகிதத்துக்கு வரும்போது இன்னொரு சுருக்கம் நிகழ்கிறது. பளபளப்பான புகைப்படத் தாளில் மிகக் கறுத்த இடம்கூடத் தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மேட் தாளில் அதைவிடச் சற்று அதிகம். நூற்றில் ஒரு பங்கு என்பதை அடர்த்தி 2 என்று அளவிடுவார்கள். ஆக, ஆயிரம் மடங்காக விரிந்திருந்த காட்சி, காகிதத்தில் நூறு மடங்குக்குள் அடைபட்டிருக்கிறது. நெருக்கடியில் அதிகம் நசுங்குவது அடியில் இருக்கும் நிழல்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு மிகவும் பயன்படும். நூற்றில் ஒரு பங்கு ஒளியை, பெரும்பாலான கணினித் திரைகளும் கோப்புகளும் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி முறைப்படி எண்ணாக்கினால் ஏறத்தாழ 25 வரும். அதாவது, எந்தத் திருத்தமும் செய்யாமல் ஸ்கேன் செய்த ஒரு காகிதப் பிரதியில் மிகக் கறுத்த இடமே 25-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய கோப்பில் ரேழி முழுவதும் 0, 1, 0, 0 என்றே இருந்தது. ஸ்கேனர் மென்பொருள், படம் பார்ப்பதற்குப் 'பளிச்' என்று இருக்கட்டும் என்று, 40-க்குக் கீழே இருந்த அத்தனையையும் தானாகவே 0-க்குத் தள்ளியிருக்கிறது. பாட்டியின் கை 24 என்றும் அதற்குப் பின்னாலிருந்த இருட்டு 21 என்றும் இருந்திருக்கக்கூடும். இரண்டையும் 0 ஆக்கிய பிறகு அங்கே பிரித்துக் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. காகிதப் பிரதியின் ஸ்கேனில் பெரிய பெரிய பரப்புகள் 0 ஆகக் கிடந்தால், திருத்தத்தில் நேரத்தைச் செலவிடாமல் மீண்டும் ஸ்கேன் செய்வதே சரியான முதல் வேலை.

ஆகவே ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். ஆட்டோ எக்ஸ்போஷர், நிறமீட்பு, கூர்மையாக்கல், பின்னொளித் திருத்தம் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் வைத்திருக்கும். எந்த எண்ணில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று காட்டும் வரைபடமே ஹிஸ்டோகிராம்; கறுப்பு எல்லையையும் வெள்ளை எல்லையையும் அதன் இரு ஓரங்களுக்கு வெளியே வையுங்கள். அதன் மலை வடிவம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதாமல் நடுவில் முழுதாக அடங்கியிருக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 16 பிட் சாம்பல் நிறத்தையும், வண்ணப் படத்துக்கு 48 பிட் நிறத்தையும் (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 16 பிட்) தேர்ந்தெடுத்து, டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். இப்படிக் கிடைக்கும் ஸ்கேன் முதல் பார்வைக்கு உப்புச்சப்பில்லாமல் வெளிறிப் போயிருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். நமக்கு வேண்டியது எல்லாம் அந்த வெளிறலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

16 பிட் ஏன் என்று கேட்கலாம். 8 பிட் கோப்பில் 20-க்கும் 40-க்கும் நடுவில் இருபதே படிகள்தான். அந்த இருபதையும் இழுத்து அறுபது இடங்களில் பரப்பினால், நடுவில் உள்ள இடங்கள் காலியாகி, மென்மையாக மங்கிச் செல்ல வேண்டிய சுவர் நிழல் பட்டை பட்டையாக உடைந்து தெரியும். 16 பிட் கோப்பில் அதே இருபது படிகளுக்குள் 5,000-க்கும் மேற்பட்ட உட்படிகள் இருப்பதால் எவ்வளவு இழுத்தாலும் இழை அறுவதில்லை. ஜேபெக் கோப்பு 8 பிட்டோடு நிற்பது ஒருபுறமிருக்க, படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்போது கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண் வேறுபாடுகளைக் களைந்தும் விடுகிறது. அப்படிக் களைவது பார்வைக்கு உறுத்தாது. நிழலை விரிக்கும்போதுதான் கட்டங்கள் செங்கல் சுவர்போல எழுந்து நிற்கும். கிம்ப் மென்பொருள் 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்தே 16 பிட்டிலும் அதற்கு மேலும் வேலை செய்கிறது. ஆதலால் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க இயலாதவர்களுக்கும் இதில் குறையில்லை.

ஸ்கேன் தெளிவை 2,400 அல்லது 4,800 டிபிஐ என்று உயர்த்தினால் நிழல் தெரியும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. காகிதப் பிரதிக்கு 600 டிபிஐ பெரும்பாலும் போதும். டிபிஐ என்பது புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக எடுக்கப்படுகின்றன என்பதைக் குறிக்குமே தவிர, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கப்படுகிறது என்பதைக் குறிக்காது.

நுணுக்கமான அளவீட்டுக்கு எதிரி சிதறும் ஒளி. ஸ்கேனர் கண்ணாடியில் படிந்திருக்கும் விரல்ரேகையும் தூசியும் படத்தின் வெள்ளைப் பகுதியிலிருந்து வரும் ஒளியைச் சிதறடித்து நிழலின் மேல் மெல்லிய பால் ஏடுபோலப் படரவிடும். வேட்டிக்குப் பக்கத்திலேயே ரேழி இருக்கும் எங்கள் படம் போன்றவற்றில் இதன் பாதிப்பு அதிகம். கண்ணாடியைச் சுத்தமான மென்துணியால் துடைத்துவிட்டு, படத்தைச் சுற்றி எஞ்சியிருக்கும் கண்ணாடிப் பரப்பைக் கறுப்புத் தாளால் மறைத்துவிட்டு ஸ்கேன் செய்து பாருங்கள். நிழலின் அடிப்பகுதி ஓரிரு எண்கள் கீழே இறங்கியிருக்கும். மூன்று எண் வேறுபாட்டில் ஒரு கை ஒளிந்திருக்கும்போது, இரண்டு எண்கள் சிறிய லாபமில்லை.

பழைய கறுப்பு வெள்ளைப் பிரதிகளுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். படத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், கறுத்த இடங்களில் நீலச் சாயலோடு உலோகப் பளபளப்பு தெரிகிறதா என்று பாருங்கள். ஈரப்பதமும் காற்றிலுள்ள மாசும் சேர்ந்து வெள்ளித் துகள்களை ஆக்சிஜனேற்றம் அடையச் செய்து, அந்த வெள்ளி மேற்பரப்புக்கு நகர்ந்து வந்து மீண்டும் உலோகமாகப் படிவதால் வருவது இது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரும்புப் பெட்டிக்குள் கிடந்த படங்களில் இதை நிறையப் பார்க்கலாம். வெள்ளி அதிகமாக இருக்கும் கறுப்பிலேயே இது வருவதால், ஸ்கேனரின் விளக்கொளி அங்கே கண்ணாடியில் படுவதுபோல எதிரொளித்து நிழலைச் சாம்பலாக்கிவிடும். தயவுசெய்து அதைத் துடைக்காதீர்கள். துடைத்தால் போவது படத்தின் வெள்ளிதான். பிரதியைத் திசை திருப்பி வைத்து ஸ்கேன் செய்தால் சில வேளைகளில் பளபளப்பு குறையும். குறையவில்லை என்றால், இரு பக்கமும் விளக்கு வைத்து, விளக்குகளின் முன்னாலும் கேமரா லென்ஸின் முன்னாலும் பளபளப்பைத் தடுக்கும் போலரைசர் தகடு வைத்துப் படமெடுப்பதே வழி. 1970-கள், 80-களின் வண்ணப் படங்கள் சிலவற்றில் தேன்கூடு போன்ற சொரசொரப்புத் தாள் இருக்கும். அதன் ஒவ்வொரு குழியும் நிழலில் ஒரு வெண்புள்ளியாகத் தெரியும். அத்தகைய பிரதியை ஒருமுறை நேராகவும், ஒருமுறை 180 பாகை திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டையும் பொருத்தி வைத்துச் சராசரி எடுத்தால் புள்ளிகள் பெருமளவு அடங்கிவிடும்.

நெகட்டிவ் கிடைக்குமானால் காகிதப் பிரதியோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவையே குறைந்துவிடும். காகிதத்தில் நசுங்கிய நிழல் நெகட்டிவில் இன்னும் விரிந்தே இருக்கிறது. காட்சியின் நிழல் நெகட்டிவில் மெல்லிய, தெளிவான பகுதியாக இருப்பதால் ஸ்கேனரின் ஒளி அதை எளிதில் ஊடுருவுகிறது. நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகவே படம் தெரியும் ஃபிலிமான ஸ்லைடில் நிலைமை தலைகீழ். அதில் நிழல்தான் அடர்ந்த பகுதி. அடர்த்தி 3-ஐயும் தாண்டும், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளியே அதன் வழியே வெளியே வரும். ஸ்கேனர் விளம்பரங்களில் 3.4 என்றும் 4.0 என்றும் போட்டிருக்கும் அடர்த்தி எண்கள் ஸ்லைடுக்குத்தான் பொருள்படும். காகிதப் பிரதிக்கு எந்தச் சாதாரண ஸ்கேனரும் ஈடுகொடுக்கும். ஆகவே பழைய வீட்டுப் பரணில் உறையோடு கிடக்கும் நெகட்டிவ்களை, பிரிண்ட் இருக்கிறதே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். எங்கள் படத்தின் நெகட்டிவ் எப்போதோ தொலைந்துவிட்டது. ஒரே காகிதப் பிரதியை வைத்துத்தான் வேலை பார்த்தேன்.

இனித் திருத்தம். கோப்பைத் திறந்ததும் எதையும் மாற்றுவதற்கு முன், நிழலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு நான் டார்ச் அடித்துப் பார்ப்பதைப் போன்ற ஒரு தற்காலிக வழியைக் கையாள்கிறேன். படத்தின் மேல் ஒரு நகல் லேயரை (கண்ணாடித் தாள்போல மேலே அடுக்கும் ஒரு பிரதியை) வைத்து, அதில் கர்வ்ஸ் கருவியால் 50-க்குக் கீழே உள்ளதை 0 முதல் 255 வரை முழு அளவுக்கும் இழுத்துவிடுவேன். வேட்டியும் வானமும் வெளுத்துக் காணாமல் போகும். அதைப் பற்றிக் கவலையில்லை. பித்தளைக் குமிழ்களையும் கையையும் நான் முதன்முதலில் பார்த்தது அந்த லேயரில்தான். எங்கே விவரம் இருக்கிறது, எங்கே வெறும் புள்ளி இரைச்சல் (பொருளில்லாத ஏற்ற இறக்கம்) மட்டுமே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த லேயரை நீக்கிவிடுவேன்.

உண்மையான திருத்தத்துக்கும் கர்வ்ஸ்தான் முதன்மையான கருவி. அதன் கட்டத்தில் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஒரு நேர்கோடு செல்லும். அடிக்கோட்டில் இருப்பவை பழைய எண்கள், பக்கக் கோட்டில் இருப்பவை புதிய எண்கள். கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் வேறுபாடு பெருகுகிறது. படுத்துக்கொள்ளும் இடத்தில் சுருங்குகிறது. கோட்டின் இரு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால் அது ஏற வேண்டிய மொத்த உயரம் மாறாது. நிழலுக்காக ஓரிடத்தில் செங்குத்தாக ஏற்றினால், வேறோர் இடத்தில் அதைப் படுக்க வைத்தே ஆக வேண்டும். மாதச் சம்பளத்தில் ஒரு செலவைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டியிருப்பதைப் போன்றது இது. நிழலுக்குக் கொடுக்கும் வேறுபாட்டை எங்கிருந்து எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்வதில்தான் திருத்துபவரின் கண்ணும் அனுபவமும் தெரியும். முகங்கள் நடுச்சாயலில் இருந்தால் அங்கிருந்து எடுக்கக் கூடாது. மேகமில்லாத வானமோ சுண்ணாம்பு அடித்த சுவரோ இருந்தால் அவற்றிடமிருந்து தாராளமாக எடுக்கலாம்.

எங்கள் படத்தில் ரேழியின் எண்கள் 22 முதல் 38 வரை இருந்தன. முதலில் கறுப்பு முனையை 20-இல் நிறுத்தினேன்; 20-க்குக் கீழே காகிதத்தில் எதுவும் இல்லை என்பதை ஹிஸ்டோகிராம் காட்டியது. பிறகு 24-ஐ 10-ஆகவும், 38-ஐ 62-ஆகவும் வைத்து இரு புள்ளிகளை நட்டேன். பதினான்கு எண்களுக்குள் அடங்கியிருந்தது ஐம்பத்திரண்டு எண்களாக விரிந்தது. இதில் 24 என்ற எண் இன்னும் கீழே இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். நிழலில் விவரம் தெரிய வேண்டுமானால் அதே நிழலுக்குள் ஏதாவது ஒன்று ஆழ்ந்த கறுப்பாக இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் மேலே தூக்கி, கறுப்பு என்று எதுவுமே இல்லாமல் செய்துவிட்டால், பனிமூட்டத்தில் எடுத்ததுபோல ஒரு சோகை வந்துவிடும். அரிக்கேன் விளக்கின் கம்பி தெளிவாகத் தெரிவதற்குக் காரணம், அதற்குப் பின்னால் உள்ள இருட்டு உண்மையிலேயே இருட்டாக இருப்பதுதான்.

ஆனால் இதே வளைகோட்டைப் படம் முழுவதற்கும் விட்டால், தாத்தாவின் முகத்துக்கும் வேட்டி மடிப்புகளுக்கும் கிடைக்க வேண்டிய வேறுபாடு குறைந்துபோகும். எனவே அந்த லேயருக்கு முழுக் கறுப்பு மாஸ்க் ஒன்றைப் போட்டு (மாஸ்கில் கறுப்பு இருக்கும் இடத்தில் லேயர் மறையும், வெள்ளை இருக்கும் இடத்தில் தெரியும்), கதவுக்கு உட்பட்ட இடத்தை மட்டும் மென்மையான ஓரமுள்ள வெள்ளைத் தூரிகையால், பத்து இருபது சதவீத அழுத்தத்தில், பலமுறை தடவித் திறந்தேன். இருட்டறையில் படம் அச்சிட்டவர்கள் கம்பியில் அட்டைத் துண்டைக் கட்டி, ஒளிக்கும் தாளுக்கும் நடுவே ஆட்டிக்கொண்டே சில இடங்களுக்கு ஒளியைக் குறைத்துக் காப்பாற்றியதும் இதே வேலைதான். அட்டையை ஆட்டிக்கொண்டே இருந்ததற்கான காரணம், ஓரம் தெரியக் கூடாது என்பது. மாஸ்கின் ஓரமும் அப்படியே தெரியாமல் கரைய வேண்டும்.

ஒரே இழுப்பில் நிழலைத் திறக்கும் ஷேடோஸ் ஸ்லைடர்களும் இருக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் 2003-இல் வந்த சிஎஸ் பதிப்பிலிருந்தும், கிம்பில் 2.10-இலிருந்தும் இந்தக் கருவி உண்டு. இது ஒவ்வொரு புள்ளியையும் தனியாகப் பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள வட்டாரம் இருட்டா வெளிச்சமா என்று பார்த்து, இருட்டு வட்டாரத்தில் இருப்பவற்றை மட்டும் உயர்த்துகிறது. அந்த வட்டாரத்தின் அகலத்தைத்தான் ரேடியஸ் என்ற அளவு குறிக்கிறது. அது படத்துக்குப் பொருந்தாமல் போனால், தலைமுடிக்கும் சுவருக்கும் நடுவே சாமி படத்து ஒளிவட்டம்போல ஒரு வெளிச்சக் கோடு கிளம்பும். குறைந்த அளவில் வைத்தால் பயனுள்ள கருவிதான். ஆயினும், கற்றுக்கொள்பவர்கள் முதலில் கர்வ்ஸைப் பழகிவிட்டு இதற்கு வருவது நல்லது; இல்லையென்றால் எது ஏன் கெட்டது என்று தெரியாமலேயே போய்விடும்.

முகங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் குடும்பப் படங்களில் நிழலில் கிடப்பது பெரும்பாலும் கோட்டும் கதவும் மட்டுமல்ல, மனிதர்களின் முகங்களே. கறுத்த நிறமுடையவர்கள் வெள்ளைச் சட்டையோடு வெயிலில் நிற்கும்போது கேமராவின் ஒளியளவு சட்டையைச் சார்ந்து அமைந்துவிட, முகம் நிழல் எண்களுக்குள் விழுந்துவிடும். வண்ணப் படக் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அளித்த 'ஷெர்லி' என்ற மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்களே இருந்தார்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் அச்சு சரி என்று கொள்ளப்பட்டதால், மற்றவர்களின் முகங்கள் போதிய நுணுக்கம் இல்லாமல் அச்சாயின. இப்போது நம் கையில் திருத்தும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் முகத்தை வெளிச்சமாக்கி மாநிறமாகவும் சிவப்பாகவும் மாற்றிவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முகம் 30-க்கும் 55-க்கும் நடுவில் இருந்தால், அதை 90-க்குத் தூக்க வேண்டியதில்லை. 26-க்கும் 80-க்கும் நடுவில் விரித்தால் போதும். கன்னத்தின் மேட்டில் விழும் ஒளியும், கண்ணுக்குக் கீழே உள்ள குழிவும், மூக்குத்தியின் மினுக்கும் வந்து சேரும். நிறம் அவருடைய நிறமாகவே இருக்கும். திருத்திய படத்தைப் பார்த்து, அந்த மனிதரை நேரில் பார்த்த ஒருவர் 'இவர் இவ்வளவு சிவப்பா?' என்று கேட்டால், திருத்தம் எல்லை மீறிவிட்டது என்று பொருள்.

நிழலை விரிக்கும்போது அங்கிருக்கும் குப்பையும் சேர்ந்தே விரியும். ஸ்கேனரின் மின்னணுச் சுற்று, ஒளி குறைவாக வரும் இடங்களில் தன் சொந்த இரைச்சலையும் எண்ணாகப் பதிந்துவிடுகிறது. ஒரே படத்தை அசைக்காமல் நான்கு முறை ஸ்கேன் செய்து சராசரி எடுத்தால் இந்த இரைச்சல் பாதியாகும், பதினாறு முறை எடுத்தால் கால் பங்காகும்; வியூஸ்கேன் போன்ற மென்பொருள்கள் இதைத் தாமே செய்து கொடுக்கும். இரைச்சல் நீக்கும் வடிகட்டியைப் பயன்படுத்துவதானால் விரிப்பதற்கு முன்பே, மிகக் குறைந்த அளவில் பயன்படுத்துங்கள். ஃபிலிமின் மணல்போன்ற துகள் வேறு, இரைச்சல் வேறு. துகள் படத்தின் உடம்பு. அதை வழித்தெடுத்தால் நிழல் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

வண்ணப் படங்களில் இன்னொரு தொல்லை உண்டு. பழைய வண்ணப் பிரதிகளில் சாயங்கள் மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அதனால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் கறுப்பு முனைகளும் வெவ்வேறு எண்களில் நிற்கும். கறுப்பாகத் தெரிந்த நிழலைத் திறந்தவுடன் அது அரக்காகவோ பாசி நிறமாகவோ மாறுவது இதனால்தான். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே கறுப்பு முனையைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே நிழலை விரிக்க வேண்டும். விரிக்கும் லேயரை லூமினாசிட்டி நிலையில் வைத்தால் நிறம் பொங்கி வழியாமல் வெளிச்சம் மட்டும் மாறும்.

திரையும் அறையும்கூட நம்மை ஏமாற்றும். டியூப்லைட் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்கும் இடத்தில் அமர்ந்து வேலை செய்தால் 30-க்குக் கீழே எதுவும் கண்ணுக்குத் தெரியாது; தெரியவில்லையே என்று மேலும் மேலும் திறந்துகொண்டே போவோம். அறை வெளிச்சத்தைக் குறைத்து, மென்பொருளின் பின்னணியை நடுச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வேலை செய்த பிறகு எழுந்து போய்விட்டு வந்து பார்த்தால், முதலில் சரியாகத் தோன்றியது மிகையாகத் தோன்றும். நான் அநேகமாக ஒவ்வொரு முறையும் லேயர் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவை (ஒபாசிட்டி) நூறு சதவீதத்திலிருந்து எழுபதுக்கோ அறுபதுக்கோ இறக்கியிருக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவால் பழைய படங்களை மீட்டுத் தருவதாகச் சொல்லும் செயலிகள் இப்போது ஏராளமாக வந்துவிட்டன. 0 என்று மட்டுமே இருக்கும் கறுப்புக்குள்ளும் அவை ஒரு கையை வரைந்து கொடுத்துவிடும். அந்தக் கை பார்ப்பதற்கு இயல்பாக இருக்கலாம், ஆனால் அது யாருடைய கையும் அல்ல. குடும்பப் படத்தில் அப்படி ஒன்றைச் சேர்த்து, நாளை பேரப்பிள்ளைகள் அதைப் பாட்டியின் கை என்று நம்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் படத்தில் அரிக்கேன் விளக்குக்குப் பின்னால், ரேழி முற்றத்தோடு சேரும் இடம் இருக்க வேண்டும். அங்கே ஏதாவது கிடைக்குமா என்று பல மாலைகள் பார்த்தேன். கர்வ்ஸ் கோட்டை எவ்வளவு செங்குத்தாக ஏற்றினாலும் அந்த இடத்தில் காகிதத்தின் சொரசொரப்பும் ஸ்கேனரின் இரைச்சலும் மட்டுமே எழுந்து வந்தன. உச்சி வெயிலுக்கு ஏற்ப வைத்த ஒளியளவில் அந்த ஆழம் ஃபிலிமையே எட்டவில்லை. எனவே அந்தப் பகுதியை மாஸ்கில் மீண்டும் மூடி, அப்படியே கறுப்பாக விட்டுவிட்டேன். திருத்தாத 16 பிட் ஸ்கேனைத் தனியாகவும், லேயர்களோடு கூடிய கோப்பைத் தனியாகவும் இரண்டு வட்டுகளில் சேமித்துவிட்டு, அத்தைக்காக எட்டுக்குப் பத்து அங்குல மேட் தாளில் ஒரு பிரதி எடுத்தேன். மேட் தாளின் கறுப்பு திரையில் தெரியும் கறுப்பைவிட வெளிறியே வரும் என்பதால், அந்த ஒரு பிரதிக்கு மட்டும் ரேழியின் வேறுபாட்டை இன்னும் சிறிது கூட்ட வேண்டியிருந்தது.